பிச்சாவரத்தில் ஒரு கோடை நாள்: படகுக்கும் கட்டுச்சோற்றுக்கும் முழுமையான வழிகாட்டி

கோடை விடுமுறையில், சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள அலையாத்திக் காடான பிச்சாவரத்துக்கு வரும் பல குடும்பங்கள் காலையில் சிதம்பரம் கோயிலுக்குப் போய்விட்டு, மதியம் ஒரு மணிக்கு உச்சி வெயிலில் படகுத் துறைக்கு வந்து சேர்கிறார்கள். வரிசையில் நின்று, காற்றை எதிர்த்துப் படகில் போய், மூன்று மணிக்குக் கரையேறித் தயிர் சாதத்தைத் திறந்தால் அது புளித்து நுரைத்திருக்கும். குழந்தைகள் அழுவார்கள், பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் எரிந்து விழுவார்கள். இடத்தின் மேலும் குற்றமில்லை, சமைத்தவர் மேலும் குற்றமில்லை. எதை முதலில், எதைப் பிறகு செய்வது என்ற வரிசைதான் தப்பு.

காலையில் படகு, மதியம் சாப்பாடு, மாலையில் கோயில். கீழே வருவதெல்லாம் இந்த வரிசையைச் சிதறாமல் நடத்துவதற்கான வழிதான். அளவுகள் பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் கொண்ட குடும்பத்துக்கானவை.

1. எந்த நாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வார நாளாக இருக்கட்டும். விடுமுறை மாதங்களில் சனி, ஞாயிறு என்றால் டிக்கெட் வரிசையிலேயே காலை நேரம் கரைந்துவிடும். அந்தக் காலை நேரம்தான் இந்தப் பயணத்தில் விலை உயர்ந்த பொருள்.

கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28-ஐ ஒட்டி முடியும். முடிந்தால் அதற்கு முன், ஏப்ரல் கடைசியில் போய்விடுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, நேரத்தை மட்டும் கறாராகப் பிடியுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வலசைப் பறவைகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் கோடை அதற்கான காலம் இல்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். கோடையில் கொக்கும் மீன்கொத்தியும் இருக்கும், கூட்டம் கூட்டமாகப் பறவைகள் இருக்காது. கோடையில் கிடைப்பது பள்ளி விடுமுறையும், மரங்கள் கவிந்த கால்வாய்க்குள் கிடைக்கும் நிழலும்.

2. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையில் காலையில் காற்று அடங்கியிருக்கும். பதினோரு மணி, பன்னிரண்டு மணி வாக்கில் கடற்காற்று கிளம்பும். வெயிலில் வாடியவருக்கு அது சுகம், துடுப்பு வலிப்பவருக்கோ பெரும்பாடு. அதனால் பதினொன்றுக்குள் படகை விட்டு இறங்கிவிட வேண்டும்.

அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒன்பது மணியளவில் படகில் ஏற வேண்டும். எட்டரைக்குத் துறையில் இருக்க வேண்டும். அங்கேயே காலைச் சாப்பாடு. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். கிள்ளை வழியாகப் பேருந்து உண்டு. புதுச்சேரியிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். துறை திறக்கும் நேரத்தை மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் மாலையே வந்து சிதம்பரத்தில் தங்குவதுதான் சரி. விடியற்காலையில் கிளம்பி நேராகத் துறைக்கு வந்து சேர்பவர்கள் தயிர் சாதத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். புளியோதரையும் பொடி இட்லியும் போதும். ஓடும் காரின் சூட்டில் பால் கலந்த சோறு தாங்காது.

ஓதத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். நாளுக்கு இரு முறை நீர் ஏறி, இரு முறை வற்றும். ஏறும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வித்தியாசம் கூடுதல். நீர் நன்றாக வற்றிய நேரத்தில் சில குறுகிய கால்வாய்களில் படகு தரை தட்டும், படகுக்காரர் உள்ளே போக மாட்டார். அதற்காக மனம் சோர வேண்டாம். வற்றும்போதுதான் சேறு வெளியே தெரியும், அதில் பார்க்க நிறைய உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

3. கூடைக்குள் எது போகலாம், எது போகக் கூடாது

கோடைக் கட்டுச்சோற்றுக்கு ஒரே விதிதான்: புளிப்போ எண்ணெயோ காக்க வேண்டும், ஈரம் சேரக் கூடாது. தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, சாம்பார், கெட்டியாகப் பிசைந்த பருப்பு சாதம் இவையெல்லாம் வீட்டோடு இருக்கட்டும். காலை ஆறு மணிக்கு அரைத்த தேங்காய்ச் சட்னி பத்து மணிக்கே நூலிழைக்க ஆரம்பித்துவிடும்.

காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. மதியத்துக்குப் புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடகம், மோர் மிளகாய், ஊறின மாவடு. இடையில் கொறிக்க வெள்ளரிப்பிஞ்சு. குடிக்க நீர்மோர். இதற்கு மேல் ஆசைப்பட்டுச் சேர்ப்பது எதுவும் சுமைதான்.

அசைவம் வேண்டும் என்றால் வறுத்த மீனைவிட நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு தாங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சந்தைக்கு வருவது பெரும்பாலும் நாட்டுப்படகு மீனும், உப்பங்கழி இறாலும், நண்டும்தான். அவற்றை வாங்கி வீட்டில் குழம்பு வைத்துச் சூடாகச் சாப்பிடுங்கள், டப்பாவில் அடைத்து வெயிலில் தூக்கிப் போகாதீர்கள். மாலையில் கோயிலுக்குப் போவதாக இருந்தால், அன்றைக்கு அசைவம் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள்.

4. முதல் நாள் மாலை: புளிக்காய்ச்சல்

புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்வதற்குச் சோம்பல் காரணமல்ல. அது ஆறி ஒரு ராத்திரி உட்கார்ந்தால்தான் காரமும் புளிப்பும் கூடிவரும். காலையில் அவசரமாகச் செய்தால் சூட்டோடு சோற்றில் கலப்பீர்கள், சோறு குழையும்.

400 கிராம் அரிசிக்கு எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை பழைய புளி. வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். தண்ணீர் அதிகமானால் வற்ற வைக்கும் நேரம் கூடும், அவ்வளவுதான் நஷ்டம்.

தனியா இரண்டு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒன்று, எள் ஒன்று, வெந்தயம் ஒரு சிறு கரண்டி, மிளகாய் வற்றல் ஆறு. எண்ணெய் இல்லாமல் தனித்தனியாக வறுத்துப் பொடியுங்கள். வெந்தயம் கறுத்தால் மொத்தப் பாத்திரமும் கசக்கும். சிவந்து வாசனை வந்ததும் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள்.

கனமான வாணலியில் அரைக் குவளை நல்லெண்ணெய். கடுகு, கடலைப்பருப்பு, நான்கு வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள். பிறகு புளிக்கரைசல், உப்பு. மிதமான தீயில் கொதித்துக் குறுகி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை விடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கெட்டியானதும் ஆயிற்று என்று இறக்கிவிடுகிறார்கள். எண்ணெய் பிரியாத புளிக்காய்ச்சலில் தண்ணீர் இருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் மறுநாள் சோற்றை நசநசக்க வைக்கும். பிரிந்ததும் சிறு துண்டு வெல்லம், பாதி வறுத்த பொடி. மீதிப் பொடி மறுநாள் கலக்கும்போது.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் புளி கூடாது.

அன்று இரவே இன்னும் இரண்டு வேலை. கொஞ்சம் மோரை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். மறுநாள் நீர்மோரில் தண்ணீர் ஐஸுக்குப் பதில் இதைப் போட்டால் நேரம் ஆக ஆக மோர் நீர்த்துப்போகாது. அப்புறம் வேர்க்கடலையை வறுத்துத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.

5. விடியற்காலை: சோறு வடித்து ஆறவிடுங்கள்

நான்கரைக்கு உலை வைத்தால் போதும். புளியோதரைக்குச் சோறு உதிரியாக வேண்டும், தயிர் சாதத்துக்குக் குழைவாக வேண்டும். இரண்டையும் ஒரே பானையில் வடித்துப் பாதி பாதியாகப் பிரிப்பவர்களுக்கு இரண்டுமே சரியாக வராது. தனித்தனியாக வையுங்கள்.

புளியோதரைச் சோற்றை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு கரண்டி பச்சை நல்லெண்ணெய் ஊற்றிப் பரப்புங்கள். கையால் தொட்டால் சூடு தெரியாதவரை ஆறட்டும். அதன் பிறகே புளிக்காய்ச்சல், மீதிப் பொடி. கிளறும்போது கரண்டியைவிட விரல் நுனி நல்லது, பருக்கை உடையாது. கலந்த பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் ஊறினால்தான் ருசி. மதியம் சாப்பிடப் போவது என்பதால் அந்த ஊறல் வழியிலேயே நடந்துவிடும். வேர்க்கடலையை மட்டும் இலையில் பரிமாறும்போது தூவுங்கள், இப்போதே கலந்தால் மதியத்துக்குள் நமத்துவிடும்.

தயிர் சாதம்: 200 கிராம் அரிசியை நன்றாகக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசியுங்கள். காய்ச்சிய பால் 400 மில்லி சேருங்கள். முழுதும் ஆறிய பிறகு ஒரு மேசைக்கரண்டி தயிர், அவ்வளவுதான். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். ஆறு மணிக்குப் பிசைந்தது பன்னிரண்டு மணிக்குள் தானே உறைந்து, புளிக்காத தயிர் சாதமாக இருக்கும். கெட்டித் தயிரில் பிசைந்து எடுத்துப் போனால் அதே வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். சோறு சூடாக இருக்கும்போது தயிர் சேர்த்தாலும் அதே கதிதான். பச்சை வெங்காயமும் வெள்ளரியும் உள்ளே கலக்க வேண்டாம், இரண்டும் நீர் விடும்.

இட்லியை எடுத்து வெதுவெதுப்பு போனதும், நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவுங்கள். எண்ணெய் மேல்பக்கம் காயாமல் காக்கும். உருளைக்கிழங்கை வேகவைக்காமல், சிறு துண்டாக நறுக்கி எண்ணெயிலேயே சுருள வதக்குங்கள். வெங்காயமும் தக்காளியும் வேண்டாம்.

6. கட்டும் முறை

எதையும் சூடாக மூடாதீர்கள். மூடிக்குள் வேர்க்கும் ஆவி சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழுந்துதான் மேல்பகுதி முதலில் ஊசிப்போகிறது. கலந்த சாதத்தை ஒரு கால் மணி நேரம் திறந்து வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

புளியோதரைக்கு வாழையிலைப் பொட்டலம் அருமை. இலையை அடுப்புத் தீயில் மேலாகக் காட்டுங்கள். வெளிர் பச்சை கரும்பச்சையாகி, மேலே மினுமினுப்பு ஓடும். அப்போது அது வாடி வளையும், மடித்தால் கிழியாது. ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டினால் தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம்.

தயிர் சாதம் எவர்சில்வர் தூக்கில். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். தூக்கைச் சுற்றி ஈரத்துணி. வடகம், மோர் மிளகாய் தனித்தனி டப்பாவில். நீர்மோர் ஃபிளாஸ்கில், உறைந்த மோர்க்கட்டிகளோடு. குடிநீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கணக்கில், எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக் பையோ தாளோ காற்றில் பறந்து கால்வாயில் விழுந்தால் வேர்களுக்குள் சிக்கிக்கொள்ளும், யாரும் எடுக்க முடியாது. அதனால் கொண்டு போகாமல் இருப்பதே வழி.

குப்பைக்கு ஒரு துணிப்பை, கைதுடைக்கப் பழைய வேட்டித் துண்டு, உட்கார ஒரு பாய்.

7. துறையில் செய்ய வேண்டியவை

முதலில் இட்லி. வெறும் வயிற்றோடு வெயிலில் படகேறினால்தான் தலை சுற்றும். பிறகு எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். உள்ளே போனபின் வழி கிடையாது.

கூடை காரிலேயே நிழலில் இருக்கட்டும், ஜன்னலை ஒரு விரல் இறக்கிவிடுங்கள். நிழல் இல்லையென்றால் கரையில் துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது. படகுக்குள் சாப்பாடு வேண்டவே வேண்டாம். ஆடும் படகில் ஒருவர் கை நீட்டி இன்னொருவர் எழுந்தால் எடை சாயும்.

கட்டணப் பலகையை முழுதாகப் படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். துடுப்புப் படகா, மோட்டார் படகா என்று கேட்பார்கள். துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான நீர்வழிகளில்தான் போகும். மரங்கள் கூடாரமாகக் கவிந்த குறுகிய கால்வாய்கள், இங்கே வருவதற்கே காரணமானவை, துடுப்புப் படகுக்குத்தான் வழிவிடும். அமைதியும் அதில்தான்.

8. ஏறுவதும் உட்காருவதும்

லைஃப் ஜாக்கெட்டை மாட்டுவது பாதி வேலை, பட்டையை இழுத்து இறுக்குவது மீதி. பிள்ளைக்கு மாட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது, வேறு கேளுங்கள். தயங்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒருவர். படகின் விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். கனமானவர்கள் நடுவில், பிள்ளைகள் பெரியவர்களுக்கு இடையில். எங்கே உட்காரச் சொல்கிறாரோ அங்கேயே உட்காருங்கள், படகுக்காரருக்குத்தான் அந்தப் படகின் சாய்மானம் தெரியும். படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

குடை வேண்டாம், காற்றில் பாய்மரமாகிவிடும், கிளைகளிலும் மாட்டும். தாடையில் கட்டும் நாடா உள்ள தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை போதும். செல்போனைக் கழுத்தில் மாட்டும் உறையில் போடுங்கள். கீழே இருப்பது உப்புநீர். ஒரு முறை விழுந்தால் உலர்த்திப் பயனில்லை.

9. கால்வாய்க்குள்

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைகளிடம் இரண்டு முறை சொல்லுங்கள்: எந்த இலையையும் பறிக்கக் கூடாது, கிளையை ஒடிக்கக் கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இந்தக் காட்டில் உண்டு. ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டால் எரியும், கொப்புளம் வரலாம். கண்ணில் பட்டால் வீங்கி, பார்வை மங்கும் அளவுக்குப் போகும். பட்டுவிட்டால் தேய்க்காமல், குடிநீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கும் சேர்த்துத்தான் படகிலும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் வைத்திருங்கள் என்கிறேன்.

கையை விளிம்புக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளின் ஓரம் பிளேடுபோல் கிழிக்கும்.

பார்க்க வேண்டியவை இவை. நீரிலிருந்து வளைந்து ஊன்றி நிற்கும் முட்டு வேர்கள் சுரபுன்னையுடையவை. சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்பவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். உப்புச் சேற்றுக்குள் காற்று இல்லாததால் அந்த மரம் இப்படி மேலே வந்து மூச்சு வாங்குகிறது. சுரபுன்னைக் கிளையில் நீளமாகப் பச்சைக் குச்சிபோல் தொங்குவது காய் என்று நினைப்பீர்கள். அது மரத்திலேயே முளைவிட்ட நாற்று. முதிர்ந்ததும் கீழே விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து போய் வேறிடத்தில் வேர்விடும்.

நீர் வற்றியிருந்தால் படகை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிச் சேற்றுக்கரையைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. சத்தம் போடாமல் இருந்தால் வளைகளிலிருந்து சிறு நண்டுகள் வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது, அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே சேற்றில் தாவும் மீன்கள். துள்ளித் திரியும் பிள்ளைகள்கூட இங்கே வாயைத் திறக்காமல் பார்ப்பார்கள்.

இன்னும் உள்ளே போங்கள் என்று படகுக்காரரை வற்புறுத்த வேண்டாம். போக முடியாது என்று அவர் சொன்னால் ஆழமோ காற்றோ அனுமதியோ காரணமாக இருக்கும்.

10. கரையில் சாப்பாடு

இறங்கியதும் உடனே இலையைப் பிரிக்காதீர்கள். கை, முகம் கழுவி, நீர்மோர் ஆளுக்கொரு டம்ளர் குடித்து, நிழலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உடம்புச் சூடு தணிந்த பின்தான் பசி தெரியும். அதற்கு முன் பிள்ளைகளுக்கு ஊட்டினால் வாந்தியில் முடியலாம்.

முதலில் புளியோதரை, வறுவலோடு. கடைசியில் தயிர் சாதம், மாவடுவோடு. பிரித்ததும் தயிர் சாதத்தை முகர்ந்து பாருங்கள். பால் வாசனையும் இளம் புளிப்பும் இருந்தால் சரி. நுரையோ, நூலிழையோ, கெட்ட வாடையோ தெரிந்தால் ருசி பார்க்கவும் வேண்டாம், கொட்டிவிடுங்கள். கெட்டியாக இருந்தால் மீதி நீர்மோரைக் கொஞ்சம் ஊற்றித் தளர்த்துங்கள்.

11. பிற்பகலும் திரும்புதலும்

சிதம்பரத்தில் மதியம் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். அதுவரை அறையெடுத்தோ தெரிந்தவர் வீட்டிலோ தூங்குங்கள். இந்தத் தூக்கத்தைத் தவிர்த்து இன்னொரு இடத்தைத் திணிப்பவர்கள்தான் மாலையில் களைத்துப் போகிறார்கள்.

மீதமான தயிர் சாதத்தை எடுத்துப் போக வேண்டாம். கலந்த புளியோதரை அன்றிரவுக்குள் தீர வேண்டும். உப்புநீர் தெறித்த துணிகளையும் செருப்புகளையும் அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் விறைத்துப் பூத்துப்போகும். சோற்றில் கலக்காமல் மிஞ்சிய புளிக்காய்ச்சல் மேலே எண்ணெய் நிற்க, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஃபிரிட்ஜில் இருந்தால் பல வாரம் கெடாது.